கோடையில் சைக்கிளில் வேலைக்கு: டெல்டாவில் 25 கிலோமீட்டரை ஒத்திகை பார்ப்பது எப்படி

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு வழி ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சித்திரை, வைகாசியில் இதைச் சைக்கிளில் போய் வர முடியுமா என்று நான் கேட்டபோது எல்லோரும் "வெயில்ல சுருண்டு விழுந்துடுவே" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே குளிப்பது, சைக்கிளை எங்கே விடுவது, மாசம் என்ன செலவாகும் என்று சொல்ல ஆளே கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திருவையாறு–தஞ்சை, வலங்கைமான்–கும்பகோணம், மன்னார்குடி–திருவாரூர், நாகை–திருவாரூர் என்று 10 முதல் 30 கிலோமீட்டர் வரை போகிற யாருக்கும் இது பொருந்தும். இரவு 9 மணிக்குக் கடை சாத்துகிற வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் மிதிக்க வேண்டாம்.

1. தூரத்துக்கு முன்னால் திசையைப் பாருங்கள்

நம்ம பக்கம் தரை சமம். ஏற்றம் என்று வந்தால் ஆற்றுப் பாலம்தான். ஆகவே தூரம் அவ்வளவு பெரிய தடை இல்லை. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலை பார்க்கும் ஊருக்குக் கிழக்கே உங்கள் வீடு இருந்தால், காலையில் மேற்கு நோக்கிப் போவீர்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் கிழக்கு நோக்கித் திரும்பும்போதும் அது முதுகில்தான். பாபநாசம்–தஞ்சை இந்த வகை. அதே பாபநாசத்துக்காரர் கும்பகோணத்தில் வேலை பார்த்தால் இரண்டு வேளையும் வெயில் முகத்தில் அடிக்கும். இதில் கண் கூசுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உங்களுக்குப் பின்னால் வருகிற லாரிக்காரர் கண்ணிலும் அதே வெயில்தான் அடிக்கிறது, நீங்கள் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். இப்படிப்பட்ட வழி உங்களுடையதானால் காலையில் இன்னும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், மாலையில் சூரியன் இறங்கிய பிறகு கிளம்புங்கள்.

காற்று வேறு கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறி வரும். தஞ்சையிலிருந்து கிழக்கே திரும்புகிறவருக்கு அது எதிர்க்காற்று. காலையில் 1 மணி 40 நிமிடம் பிடித்த தூரத்துக்கு மாலையில் 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் பிறந்து மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) எடுத்துவிட்டால் கணக்கு தலைகீழாகும், வீட்டுக்குத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

2. பாதையை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள்

வேலை நாளில் போகும் அதே நேரத்தில், ஒரு ஞாயிறு காலை முழுப் பாதையையும் மிதித்துப் பாருங்கள். அன்று அவசரம் கிடையாது. கவனிக்க வேண்டியவை: அந்த நேரத்தில் திறந்திருக்கும் டீக்கடை, பஞ்சர் கடை, குழாயடி, நாய்க் கூட்டம், ரயில்வே கேட்.

புதிய நான்குவழிச் சாலை பார்க்க இழுக்கும். வழுவழுவென்று இருக்கும், ஊருக்குள் புகாது. ஆனால் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை, பஞ்சரானால் பக்கத்தில் ஆளும் இல்லை. பாதி வழியில் உடம்பு முடியவில்லை என்றால் ஏறிப் போக நகரப் பேருந்தும் அங்கே நிற்காது. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில் என்று ஊர் ஊராகப் போகிற பழைய சாலைதான் ஒத்திகைக்கு ஏற்றது. கிட்டத்தட்ட அதே ஊர்களின் வழியாக ரயில் பாதையும் போகிறது. பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில், திட்டை என்று சின்ன ஸ்டேஷன்கள் இருக்கின்றன. உட்கார நிழல் கிடைக்கும், நேரம் ஒத்துவந்தால் பாசஞ்சர் ரயிலும் கிடைக்கும்.

கேட் மூடியிருந்தால் காத்திருங்கள். சைக்கிளைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. நீடாமங்கலம் கேட் வழியாகப் போகிறவர்கள் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

3. நேரம்

மே மாதத்தில் தஞ்சைப் பக்கம் சூரியன் 6 மணிக்குச் சற்று முன்பே எழுந்துவிடும். ஐந்தரைக்கே பாதை தெரிகிற வெளிச்சம் வந்துவிடும். 5.30 முதல் 5.45-க்குள் கிளம்பினால் 25 கிலோமீட்டரை 7.30-க்குள் முடிக்கலாம். நிதானமாக மிதித்தால் மணிக்கு 14, 15 கிலோமீட்டர் வரும், அது போதும்.

அரசு அலுவலகம் 10 மணிக்குத்தானே, 8 மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்குமே என்று தோன்றும். அந்தக் கணக்கு வேண்டாம். எட்டரைக்கு மேல் டெல்டா வெயிலில் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. 8.30-க்குள் போய்ச் சேர முடியாத நாளில் பேருந்தில் போய்விடுங்கள். மே முதல் வாரம் தொடங்கி கடைசி வாரம் வரை நீளும் அக்னி நட்சத்திரத்தில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

மாலை 5.45-க்கு வேலை முடிந்தால் சூரியன் மறைய முக்கால் மணி நேரம்தான் இருக்கும். மீதி வழி இருட்டு. விளக்கு இல்லாமல் மாலைச் சவாரி கிடையாது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

4. சைக்கிள்

புதிது வாங்கிக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் மூலையில் கிடக்கும், அல்லது அப்பாவின் பழைய கறுப்பு வண்டி இருக்கும். அதை ஓவராயில் செய்து (முழுசாகப் பிரித்துச் சரிசெய்து) ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். சமதரைக்குக் கியர் அவசியம் இல்லை.

கடையில் விடும்போது வெறுமனே "சர்வீஸ் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். இரண்டு வீலுக்கும் கோட்டம் எடுக்க வேண்டும், பால்ரஸ் பார்த்து கிரீஸ் வைக்க வேண்டும், பிரேக் கட்டை மாற்ற வேண்டும், செயின் தளர்ச்சி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். டியூபில் பழைய ஒட்டு நிறைய இருந்தால் டியூபையே மாற்றிவிடுங்கள். வெயிலில் சூடேறினால் பழைய ஒட்டு விட்டுக்கொள்ளும். கடைக்காரர் "இது தாங்கும்" என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சீட் உயரம்தான் முழங்கால் வலியின் முதல் காரணம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் மடங்காமல் நேராக நீள வேண்டும். நம்மூரில் பெரும்பாலோர் இதற்கு நான்கு விரல் கீழே வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். பத்துத் தெரு சுற்றி வர அது தெரியாது, 25 கிலோமீட்டருக்குத் தெரியும்.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பின் மட்கார்டில் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர், கையில் எடுத்துப் போக ஒரு பம்பு, ஒரு மாற்று டியூப், ஸ்பானர். நம் வழிகளில் சீமைக்கருவேல முள் சர்வசாதாரணம். பஞ்சரானால் புது டியூப் போடும் முன்பு டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முள்ளின் முனை ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதை எடுக்காமல் மாட்டினால் இரண்டு கிலோமீட்டரில் அடுத்த பஞ்சர்.

5. காகிதங்கள்

சைக்கிளுக்கு லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். அதனாலேயே எல்லோரும் காகிதம் என்ற பேச்சையே விட்டுவிடுகிறார்கள். நான்கு விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது பில். வண்டியின் அடியில், பெடல் அச்சு இருக்கும் இடத்தில் ஃப்ரேம் எண் பொறித்திருக்கும். அந்த எண் பில்லில் இருக்க வேண்டும். எனக்கு விற்ற கடையில் வெறும் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள், எண்ணோடு பில் வாங்க மறுபடி மறுபடி போக வேண்டியிருந்தது. பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய வண்டி என்றால் விற்றவரிடம் கையெழுத்துடன் ஒரு ரசீது எழுதி வாங்குங்கள். எண்ணையும் வண்டியையும் போட்டோ எடுத்துவையுங்கள். திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்க இதுதான் ஆதாரம்.

இரண்டாவது விபத்துக் காப்பீடு. பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடத்துக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். வங்கிக் கணக்கும் ஆதாரும் போதும். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் ரூபாய். இதில் ஒரு கண்ணி உண்டு: காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் போய்விடும். கோடையில் ஓட்டத் தொடங்குகிறவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சட்டைப்பையில் ஒரு சீட்டு. பெயர், ரத்த வகை, வீட்டு எண், சாப்பிடும் மாத்திரைகள். போன் பூட்டியிருந்தால் வேறு எதுவும் உதவாது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. உங்கள் வழியில் எந்தெந்த மருத்துவமனை அதில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வீட்டில் சொல்லிவையுங்கள்.

நான்காவது, ரயில் சீசன் டிக்கெட் அல்லது பஸ் பாஸ். சைக்கிளுக்கு மாறப் போகிறோம் என்று அதை விட்டுவிடாதீர்கள். ஒத்திகை மாதம் முழுக்க அதுதான் உங்களுக்குத் துணை. சைக்கிளோடு ரயில் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். அதை லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும், தினசரிக்கு அது நடக்கிற வேலை இல்லை.

மின்சார சைக்கிள் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 250 வாட்டுக்கு மிகாத மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்றால்தான் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. அதற்கு மேல் ஓடுகிற வண்டியையும் "லைசென்ஸ் வேண்டாம் சார்" என்று விற்கிறார்கள். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.

6. செலவு

விலை ஊருக்கு ஊர் மாறும், என் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன். பழைய வண்டியை முழுசாகச் சரிசெய்ய, டயர் டியூப் சேர்த்து, 1,500 முதல் 2,500 ரூபாய். முன் பின் விளக்குகள் 500 முதல் 800. ஹெல்மெட் சுமார் 1,000. சட்டம் கேட்கவில்லை என்றாலும் ஹெல்மெட் போடுங்கள். பஞ்சர் ஒட்ட 30 முதல் 50. சைக்கிள் ஸ்டாண்டில் நாள் வாடகை 10 ரூபாயைச் சுற்றி இருக்கும், மாசக் கணக்கு பேசினால் குறையும்.

எதிர்பாராத செலவு சாப்பாட்டில் வரும். காலையில் ஒரு ஊற்றப்பம் கூடுதலாக இறங்கும், மாலையில் இளநீர் கேட்கும். மோட்டார் சைக்கிளில் தினமும் 50 கிலோமீட்டர் போய் வந்தால் பெட்ரோல் ஒரு நாளைக்கு 100 ரூபாயைத் தொடும். ஆக, வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால் மூன்று மாதத்துக்குள் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.

7. முதல் மூன்று வாரம்

பெரும்பாலோர் இங்கேதான் கைவிடுகிறார்கள். திங்கட்கிழமை போகவும் வரவும் 50 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, செவ்வாயன்று எழுந்திருக்க முடியாமல், புதனன்று வண்டியைப் பழையபடி மூலையில் சாத்திவிடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வழி மட்டும் மிதியுங்கள். திங்கள் காலை சைக்கிளில் போங்கள். வண்டியை அலுவலகத்திலோ பூட்டுள்ள ஸ்டாண்டிலோ விட்டு, மாலை பேருந்தில் திரும்புங்கள். செவ்வாய் காலை பேருந்து, மாலை சைக்கிள். புதன் ஓய்வு. வியாழன், வெள்ளி அதே மாதிரி. இரவில் வண்டி ஸ்டாண்டில் கிடக்கும் என்பதால் டோக்கனைப் பத்திரமாக வையுங்கள், இரவு ஆள் இருக்கிறாரா, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பயணம் இலவசம், உங்கள் வழியில் அந்தப் பேருந்து ஓடினால் இந்த ஏற்பாட்டில் அந்தச் செலவும் இல்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் இரு வழியும் மிதித்துப் பாருங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. மாசி, பங்குனியிலேயே ஆரம்பித்துவிட்டால் சித்திரை வெயில் வரும்போது உடம்பு தயாராக இருக்கும். சித்திரையில்தான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் பாதித் தூரத்தைப் பேருந்தில் கடந்துவிட்டு, மீதியை மிதிப்பதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அய்யம்பேட்டையில் உறவினர் வீட்டில் வண்டியை விட்டுவைத்து அங்கிருந்து போகிறார்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் எது இருந்தாலும் ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எல்லோருக்கும் ஆகாது.

8. தண்ணீரும் ஆகாரமும்

ஒரு வழிக்கு ஒன்றரை லிட்டர். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அல்லது ஒரு லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளந்து போடுங்கள், உப்பு கூடினால் கெடுதல். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தரம் நாலு மடக்கு குடியுங்கள். நீர்மோர்ப் பந்தல்களை நம்பி வெறும் கையோடு போகாதீர்கள், அவை திறக்கும்போது நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். மேட்டூர் அணை திறக்க வழக்கப்படி ஜூன் 12 ஆகும், அதுவரை ஆற்றில் மணல்தான்.

கிளம்பும் முன் இட்லி, பொங்கல் என்று வயிறு நிறைய வேண்டாம். ஒரு டம்ளர் நீராகாரம், ஒரு வாழைப்பழம். போய்ச் சேர்ந்து நன்றாகச் சாப்பிடுங்கள்.

9. போய்ச் சேர்ந்ததும்

உடனே குளிக்காதீர்கள். இருபது நிமிடம் நிழலில் உட்காருங்கள், வியர்வை அடங்கட்டும். இல்லாவிட்டால் குளித்து முடித்துப் போட்ட சட்டையும் நனையும். அலுவலகத்தில் குளிக்க வசதி இல்லையென்றால் பேருந்து நிலையத்தை ஒட்டிய கட்டணக் குளியலறைகள் உண்டு. ஒரு வாளித் தண்ணீரும் ஈரத் துண்டும் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வாட்ச்மேனிடம் பேசிவையுங்கள், அத்தனை சீக்கிரம் கதவு திறப்பவர் அவர்தான். மாற்று உடைகளை வாரத்துக்கு ஒருமுறை பேருந்தில் போகும் நாளில் கொண்டுபோய் வைத்துவிட்டால் கேரியரில் சுமை இருக்காது.

சைக்கிளை நிழலில் நிறுத்துங்கள். காற்று இறுக்கமாக இருக்கும் டயரை நாள் முழுக்க உச்சி வெயிலில் விடக்கூடாது.

10. சாலையில் கோடைக்கே உரிய தொல்லைகள்

சாலையில் காயப்போட்டிருக்கும் உளுந்தும் எள்ளும். உளுந்துச் செடியைப் பரப்பி வண்டிகள் ஏறட்டும் என்று விட்டிருப்பார்கள். மேலே பார்க்கக் காய்ந்த செடிதான், அடியில் உதிர்ந்த பயறு உருண்டுகொண்டிருக்கும். அதன் மேல் பிரேக் பிடித்தால் முன் வீல் வழுக்கிக்கொண்டு போகும். பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். பின்னால் வண்டி வந்தால் இறங்கித் தள்ளுங்கள். வைக்கோல் என்றால் இறங்கியே ஆக வேண்டும், செயினிலும் ஃப்ரீவீலிலும் சுற்றிக்கொண்டால் பிரித்தெடுக்க அரை மணி ஆகும்.

நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம்.

வைகாசி முகூர்த்த நாட்களில் கல்யாண வேன்கள் விடியற்காலையிலேயே பறக்கும். காலண்டரைப் பார்த்து அன்றைக்குப் பேருந்தில் போங்கள்.

மாலையில் கோடை இடி. நம் சாலைகளில் ஊருக்கும் ஊருக்கும் இடையே திறந்த வயல்தான். மேற்கே கறுத்து, இடி கேட்டால் அடுத்த ஊரின் கட்டடத்துக்குள் போய் நில்லுங்கள், பனை அடியிலோ புளிய மரத்தடியிலோ ஒதுங்காதீர்கள். மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலி இலவசம், கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். காவல் உதவி செயலியையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள், தனியாகத் திரும்பும் பெண்களுக்கு இது அவசியம்.

11. எப்போது இறங்கிவிட வேண்டும்

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, கண் இருட்டுதல். இதில் ஒன்று வந்தாலும் அன்றைய சவாரி அவ்வளவுதான். நிழலில் உட்கார்ந்து, சட்டையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வண்டியைப் பக்கத்துக் கடையில் பூட்டி விட்டுப் பேருந்து ஏறுங்கள். உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, நினைவு தடுமாறுகிறது என்றால் அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). கூட இருப்பவர் தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் கூடப் போகிறவர்களுக்கும் முன்பே சொல்லிவையுங்கள்.

ஒத்திகை மாதம் முடிந்ததும், இன்னும் ஓட்டலாம் என்று தோன்றினால், ஜூன் மேல்காற்று எடுப்பதற்குள் வண்டியை ஒருமுறை கடையில் காட்டிக் கோட்டம் எடுத்துவிடுங்கள். புது சைக்கிள் வாங்குவதென்றால் அப்போது வாங்குங்கள். அதற்குள் உங்களுக்கு என்ன சீட், எத்தனை கனத்தில் டயர் வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.